மேகமற்ற படமும் நீரற்ற கண்மாயும்: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இணைய வரைபடங்களில் வான்படப் பயன்பாட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இணைய வரைபடங்களின் அடித்தளமாக இன்று விளங்குவன வான்படங்களும் செயற்கைக்கோள் படங்களும் ஆகும். இப்படங்கள் இராணுவ மறைபொருள் என்னும் நிலையிலிருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் கண்மாய்களைச் சான்றாகக் கொண்டு, மேகமற்ற படத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் கோடைக்கால நிலத்தையே நிலையான நிலமாகப் பதிவு செய்துவிடும் அபாயத்தை எடுத்துக்காட்டுகிறது. படத்தின் உரிமம், நுணுக்கம் ஆகியவற்றோடு அது எடுக்கப்பட்ட நாளும் வரலாற்றுச் சான்றின் பகுதியாகக் கருதப்பட வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வான்படம், செயற்கைக்கோள் படம், இணைய வரைபடம், கண்மாய், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், புவிப்பொருத்தம்

1. முன்னுரை

ஓர் ஊரின் வரைபடம் அவ்வூரைப் பற்றிய ஆவணங்களுள் ஒன்று. கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் காலம் கணிக்கும் ஆய்வாளர், வரைபடத்துக்கும் அதே வினாவை எழுப்ப வேண்டியவராகிறார். இதை வரைந்தவர் யார், எதைப் பார்த்து வரைந்தார், எப்போது பார்த்தார் என்பன அவ்வினாவின் கூறுகள். அச்சிட்ட நிலவரைபடத்தின் ஓரத்தில் அளவை நடந்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். இணைய வரைபடத்தில் அவ்வோரக் குறிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையில் விரியும் படம் இன்றைய நிலத்தையே காட்டுகிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு இயல்பாக ஏற்படுகிறது. அது பல ஆண்டுகளின், பல பருவங்களின் படங்களை ஒட்டித் தைத்த ஒரு தொகுப்பு என்பது மறைந்துவிடுகிறது.

இம்மறைவின் விளைவு எல்லா நிலத்திலும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆண்டு முழுதும் நீர் நிற்கும் ஏரிகளையுடைய நாட்டில் படம் எடுத்த மாதம் பெரிய பொருட்டன்று. ஆண்டில் சில மாதங்களே நீர் தேங்கும் கண்மாய்களை நம்பி வாழ்ந்த நிலப்பகுதியில் அதுவே தலையாய செய்தியாகிவிடுகிறது. இக்கட்டுரை இந்த வேறுபாட்டை மையமாகக் கொண்டு அமைகிறது.

2. வட்டாரமும் அதன் ஆவணப் பின்புலமும்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. மேற்கே மலைக்காடு. அதன் ஒரு பகுதி 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவானபோது அதனுள் அடங்கியது. கிழக்கே வைப்பாற்றுப் படுகையின் சமவெளி. தென்மேற்குப் பருவமழையை மலைமுகடு தடுத்துக்கொள்வதால் சமவெளிக்குப் பெருமளவு மழை தருவது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே. மூன்று மாத மழையை ஆண்டு முழுமைக்கும் தேக்கிவைக்கும் தேவையிலிருந்தே இவ்வட்டாரத்தின் கண்மாய்த் தொடர்கள் தோன்றின.

இவ்வட்டாரத்தின் ஆட்சியெல்லைகள் பலமுறை மாறியுள்ளன. திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1910ஆம் ஆண்டு புதிதாக உருவான இராமநாதபுரம் மாவட்டத்துடன் சேர்ந்தது. பின்னர் 1985ஆம் ஆண்டு இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. எனவே இங்குள்ள ஒரு நீர்நிலையின் பழைய ஆவணத்தைத் தேடுபவர் மூன்று மாவட்டங்களின் பெயரில் தேட வேண்டியுள்ளது. இராஜபாளையத்தைச் சூழ்ந்த சேத்தூர் போன்ற ஜமீன் பகுதிகளில் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே ரயத்துவாரி முறை நடைமுறைக்கு வந்தது.

அச்சு வரைபடங்களிலும் இப்பிரிவு தொடர்கிறது. இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் முறையில் இரு நகரங்களும் 58 ஜி என்னும் பாகைத் தாளில் அடங்குபவை. ஆயினும் 9 பாகை 30 கலை என்னும் அகலக்கோடு ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிச் செல்வதால், 1:50,000 அளவுத் தாள்களில் அந்நகரின் பெரும்பகுதி 58 ஜி/10 தாளிலும் இராஜபாளையம் 58 ஜி/11 தாளிலும் பிரிந்து நிற்கின்றன. ஒரே மலைச்சரிவின் நீரைப் பகிர்ந்துகொள்ளும் இரு நகரங்களை ஒரே பரப்பில் கண்டது தாள் எல்லையற்ற இணைய வரைபடத்தின் பெரும் பயன் எனலாம்.

3. வானிலிருந்து நிலத்தை அளந்த தொடக்கக் காலம்

1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையும், 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து விரிந்த முக்கோண அளவையும் நிலத்தில் நின்று நிலத்தை அளந்தவை. வானிலிருந்து ஒளிப்படம் எடுத்து அளக்கும் முறை முதல் உலகப் போரில் வளர்ந்தது. அன்று பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவில், ஐராவதிக் கழிமுகக் காடுகள் 1924இல் வானூர்தி மூலம் படம் எடுத்து அளக்கப்பட்டன. காலால் நடந்து அளக்க இயலாத சதுப்புக்காடு வான்படத்தின் பயனை மெய்ப்பித்தது.

நிலத்தின் வடிவத்தோடு அதன் நலத்தையும் படத்தால் அறியலாம் என்பதை இந்தியாவில் நிறுவியவர் பிஷாரத் ராம பிஷாரடி. 1970ஆம் ஆண்டையொட்டிக் கேரளத் தென்னந்தோப்புகளில் பரவிய வேர்வாடல் நோயை, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்த படங்களைக்கொண்டு அவர் ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத ஒளியலையில் நோயுற்ற மரம் வேறாகத் தோன்றியது. இந்தியத் தொலையுணர்வியலின் தொடக்கமாக இவ்வாய்வே போற்றப்படுகிறது. இராஜபாளையத்துக்கு மேற்கே மலைக்கு அப்பால் நடந்த இம்முயற்சி, பின்னாளில் நீரையும் நிலத்தையும் ஒளியலையால் பிரித்தறியும் முறைக்கு வழி கோலிய முயற்சிகளுள் ஒன்று.

அடுத்த கட்டம் செயற்கைக்கோள். 1972 சூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லாண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 80 மீட்டரைக் குறித்தது. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளின் நுண்ணிய கருவி ஏறத்தாழ 36 மீட்டர் அளவில் படம் தந்தது. 1995 திசம்பரில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1சி அதனை 5.8 மீட்டராகக் குறைத்தது. 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட் 1 அதனை 2.5 மீட்டருக்குக் கொணர்ந்தது. பெரிய கண்மாயின் நீர்ப்பரப்பை மட்டுமே காட்டிய படம், முப்பத்து மூன்று ஆண்டுகளில் கண்மாயின் கரையையும் அதன்மேல் செல்லும் வண்டிப்பாதையையும் காட்டும் அளவுக்கு நுண்மையுற்றது.

4. மறைபொருளிலிருந்து பொதுப்பொருளுக்கு

படம் எடுக்கும் ஆற்றல் வளர்ந்த அளவுக்கு அதனைப் பார்க்கும் உரிமை வளரவில்லை. 2001ஆம் ஆண்டின் தொலையுணர்வுத் தரவுக் கொள்கை 5.8 மீட்டர் வரையிலான படங்களையே தடையின்றி வழங்க இசைந்தது. அதனினும் நுண்ணிய படங்கள் ஆய்ந்து வடிகட்டப்பட்ட பின்னரே வெளிவந்தன. 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கென ஒரு வரிசையும் பொதுமக்களுக்கென ஒரு வரிசையுமாக நிலவரைபடங்களை இரண்டாகப் பிரித்தது.

அதே ஆண்டில் கூகுள் எர்த் வெளியாயிற்று. அரசு வடிகட்டிய நுணுக்கத்தினும் மேம்பட்ட படத்தை வீட்டுக் கணினியில் எவரும் பார்க்கலாம் என்ற நிலை உருவானது. அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2005 அக்டோபரில் இதன் பாதுகாப்புச் சிக்கலைச் சுட்டிக் கவலை தெரிவித்தார். செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டத்தை வழிநடத்திய அறிவியலாளரே அவ்வாறு உரைத்தமை அக்கவலையின் எடையை உணர்த்துகிறது. 2009 ஆகஸ்டு 12 அன்று இஸ்ரோ தன் புவன் தளத்தைத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டுக் கொள்கை தடையற்ற எல்லையை 1 மீட்டராக உயர்த்தியது. 2016இல் வெளியான புவிசார் தகவல் ஒழுங்குமுறைச் சட்ட வரைவோ எதிர்த்திசையில் சென்றது. உரிய அனுமதியின்றி இந்திய நிலப்பரப்பின் புவிசார் தகவலை வெளியிடுவோருக்கு 100 கோடி ரூபாய் வரையிலான தண்டமும் 7 ஆண்டு வரையிலான சிறையும் விதிக்க அது முன்மொழிந்தது. அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான நெறிமுறைகள் இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதியின்றி வரைபடத் தரவை உருவாக்கலாம் என்று அறிவித்தன. தன் ஊரின் கண்மாயை வரைபவர் குற்றவாளியாகக் கருதப்படலாம் என்ற அச்சத்துக்கும், அவரைத் தடுக்க எவருமில்லை என்ற நிலைக்கும் இடையே கடந்தவை ஐந்தாண்டுகளே.

5. படத்தைத் தேடுதலும் பொருத்துதலும்

2004ஆம் ஆண்டு பிரித்தானியாவில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர் வரைந்து எவரும் பயன்படுத்தும் வரைபடம். அதன் தொடக்கத்தில் பங்களிப்பாளர்கள் இடங்காட்டிக் கருவியுடன் தெருத்தெருவாக நடந்தனர். 2006 இறுதியில் யாகூவும், 2010 இறுதியில் மைக்ரோசாப்டின் பிங்கும், 2017இல் எஸ்ரி, டிஜிட்டல்குளோப் ஆகிய நிறுவனங்களும் தம் படங்களின்மேல் வரைய இசைவளித்தன. கூகுளின் படங்களுக்கு அவ்விசைவு இல்லை. பார்க்கும் உரிமை வேறு, அதன்மேல் கோடு வரைந்து பிறிதொரு வரைபடத்தில் சேர்க்கும் உரிமை வேறு என்பது இத்துறையின் அடிப்படை விதி. லாண்ட்சாட் படங்களைக் கட்டணமின்றி வழங்கும் முடிவு 2008இல் எடுக்கப்பட்டது. ஐரோப்பாவின் சென்டினல் 2 படங்கள் மூலம் குறிப்பிட்டுப் பயன்படுத்தத்தக்கவை.

உரிமத்தை அடுத்து வருவது பொருத்தம். இணைய வரைபடம் உலகைச் சதுரப் படத்துண்டுகளாக வகுக்கிறது. 18ஆம் உருப்பெருக்க நிலையில் ஒரு துண்டு 256 புள்ளி நீள அகலம் உடையது. இவ்வட்டார அகலக்கோட்டில் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 150 மீட்டர், ஒரு புள்ளி ஏறத்தாழ 0.6 மீட்டர். இத்தகைய நுண்மையில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலை இராஜகோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்து எடுத்த படத்தில் அதன் உச்சி அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 21 மீட்டர் விலகித் தோன்றும். அதனால் கோபுரத்தைப் பொருத்தப் புள்ளியாகக் கொள்பவர் அதன் அடியையே கொள்ள வேண்டும். அதே சாய்வில் சமவெளியினின்று 1000 மீட்டர் உயர்ந்த மலைமுகடு, உயரத் திருத்தம் செய்யப்படாத படத்தில் 360 மீட்டருக்கு மேல் இடம் பெயர்ந்துவிடும். பழைய அச்சுத்தாள்களைப் பொருத்துகையில், அவை பின்பற்றிய எவரெஸ்ட் புவிவடிவக் கணக்கை இன்றைய உலகக் கணக்குக்கு மாற்றாவிடின் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் நேரும். ஒரு கண்மாயின் எல்லை குறித்த வழக்கில் நூறு மீட்டர் என்பது முழு வழக்குமே ஆகலாம்.

6. கோடைப் படத்தின் சாய்வு

உரிமமும் பொருத்தமும் சரியாக அமைந்த பின்னரும் எஞ்சி நிற்பது காலம். இணைய வரைபடத்துக்குப் படம் தொகுப்போர் முதலில் நாடுவது மேகமின்மை. ஒவ்வோர் இடத்துக்கும் மேகமற்ற படமே தேர்ந்து ஒட்டப்படுகிறது. இவ்வட்டாரத்தில் கண்மாய் நிரம்பும் நவம்பர், திசம்பர் மாதங்கள் மேகம் மிக்கவை. வானம் தெளியும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்கள் கண்மாய் வற்றுபவை. ஆகவே தெளிந்த படத்தைத் தேடும் நற்செயலே வறண்ட நிலத்தைத் தேடித் தருவதாக முடிகிறது. இதில் எவருடைய உள்நோக்கமும் இல்லை. மழை பருவத்தோடு பிணைந்த நாட்டில் தேர்வுவிதியே ஒரு சாய்வை உண்டாக்குகிறது.

இச்சாய்வு எல்லா நீர்நிலைகளையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் திருமுக்குளம் மார்கழி நீராட்டு விழாவோடு இணைந்த கோயில் தீர்த்தம். கட்டப்பட்ட கரைகளையுடையதாதலால் நீரின்றியும் அதன் வடிவம் படத்தில் மாறாது. வரைபவர் தயக்கமின்றி அதனைக் குளம் என்று குறிப்பார். கண்மாயின் அமைப்பு வேறு. சரிவின் கீழ்ப்புறம் பிறைபோல் வளைந்த மண்கரை, அதில் மடைகள், ஓரத்தில் கலுங்கு ஆகியவையே அதன் கட்டுமானங்கள். நீர் வந்து சேரும் மேற்புறத்தில் கரையே கிடையாது. நிறைந்த நீரே அப்பக்கத்தின் எல்லை. நீர் வற்றினால் எல்லையும் படத்தினின்று மறைகிறது. வற்றிய பரப்பில் சீமைக் கருவேலம் வளர்ந்திருப்பின் அது படத்தில் புதர்க்காடாகத் தோன்றும். கோடையில் உழுது விதைத்திருப்பின் வயலாகத் தோன்றும். தொலைதூரத்திலிருந்து நல்லெண்ணத்துடன் வரையும் பங்களிப்பாளர் புதரைப் புதர் என்றும் வயலை வயல் என்றும் குறிப்பார். அவர் பார்த்த படத்தின் அளவில் அவர் பிழை செய்யவில்லை. வரைபடத்தில் மட்டும் ஒரு கண்மாய் இல்லாமற் போகிறது.

வரைபடத்தில் இல்லாமற் போவது சட்டத்தில் இல்லாமற் போவதன்று. கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவையே நீர்நிலைப் புறம்போக்கின் எல்லையை உறுதி செய்பவை. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும் அளவையின் அடிப்படையிலேயே இயங்குகிறது. ஆயினும் மனை வாங்குபவர், சாலை வகுப்பவர், ஆய்வேட்டுக்கு நிலப்பயன்பாட்டுப் படம் வரைபவர் ஆகியோர் முதலில் திறப்பது இணைய வரைபடத்தையே. அதிலிருந்து பயிற்சி பெறும் கணினி நிரல்களும் அப்பிழையையே பாடமாகக் கொள்ளும்.

7. பழம்படங்களின் சான்று

இச்சாய்வுக்கு மாற்றும் படங்களிலேயே உள்ளது. சென்டினல் 2 இணைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் ஐந்து நாட்களுக்கொருமுறை ஓரிடத்தைக் கடக்கும் வகையில் அமைக்கப்பட்டவை. வடகிழக்குப் பருவம் ஓய்ந்து வானம் தெளியும் சனவரியில், கண்மாயில் நீர் எஞ்சியிருக்கும்போதே மேகமற்ற படமும் கிடைக்க வாய்ப்புண்டு. பச்சை ஒளியலையையும் அண்மை அகச்சிவப்பு அலையையும் ஒப்பிட்டால் நீர்ப்பரப்பு தனித்துத் தெரியும். மழை மிகுந்த ஆண்டுகளின் சனவரிப் படங்களை அடுக்கிப் பார்ப்பவர் கண்மாயின் கரையற்ற பக்கத்தையும் ஓரளவு வரைந்துவிடலாம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதல் 2015 வரையிலான 30 லட்சம் லாண்ட்சாட் படங்களைக்கொண்டு உருவாக்கி 2016இல் வெளியிட்ட உலக மேற்பரப்பு நீர்ப் பதிவு, ஒவ்வோர் இடத்திலும் நீர் தோன்றிய விகிதத்தைத் தருகிறது. 30 மீட்டர் புள்ளியில் ஊருணிகள் தப்பிவிடும். பெரிய கண்மாய்களின் முப்பதாண்டு வரலாறு அதில் உண்டு.

அதற்கும் முந்திய சான்று உளவுப் படங்கள். கொரோனா என்னும் மறைபெயரில் அமெரிக்கா 1960 முதல் 1972 வரை இயக்கிய உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளை உறையிலிட்டு வானிலிருந்து விடுவித்தன. அவ்வுறை வான்குடையில் இறங்குகையில் வானூர்தி அதனைக் கவர்ந்தது. 1995 பிப்ரவரியில் அதிபர் பில் கிளின்டனின் ஆணையால் 8,60,000க்கும் மேற்பட்ட படங்கள் மறைநீக்கம் பெற்றன. பிற்காலக் கருவிகளின் நுணுக்கம் 2 மீட்டரை எட்டியது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தளத்தில் ஆள்கூறுகளைக் கொடுத்து இப்படங்களைத் தேடலாம். மின்னுருவாக்கம் பெற்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஜமீன் ஒழிப்புக்குப் பிந்திய இருபதாண்டுகளின் நிலத்தோற்றத்தை, நகர விரிவாக்கத்துக்கு முந்திய கண்மாய்க் கரைகளுடன் காட்டத்தக்க சான்று இது. அகல்பரப்புக் காட்சியாக எடுக்கப்பட்டமையால் படத்தின் ஓரங்கள் திரிந்திருக்கும். கோயில் மதில் மூலை, திருமுக்குளத்தின் மூலைகள், 1920களில் அமைந்த விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை போன்ற மாறாத புள்ளிகளைக்கொண்டே அதனைப் பொருத்த இயலும். இப்படங்களுக்கும் நாள் உண்டு. அந்நாளின் பருவத்தைக் குறிக்காமல் பயன்படுத்தினால் கோடைப் பிழை அறுபதாண்டு பின்னோக்கி நீளும்.

8. பெயரும் களமும்

படம் வடிவத்தைத் தரும், பெயரைத் தருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாய் இதற்குத் தக்க சான்று. நெல்லை வழக்கில் பாசன நீர்நிலையைக் குளம் என்பர். மதுரை, இராமநாதபுர வழக்கில் கண்மாய் என்பர். இரு வழக்குகளும் சந்திக்கும் எல்லையில் உள்ள இவ்வூரில் இரு சொற்களும் ஒரே பெயரில் சேர்ந்து நிற்கின்றன. 1910இன் மாவட்ட மாற்றத்தோடு இதனை இணைத்துப் பார்க்க இடமுண்டு. எனினும் மக்கள் வழக்கு ஆட்சியெல்லைக்கு முந்தியதாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், ஆங்கிலத்தில் ஏரி என்ற பொதுக்குறி மட்டும் இடப்பட்ட நீலப்பரப்பில் இச்செய்தி முழுதும் அழிந்துபோகும். மடை எது, கலுங்கு எது, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும் வழி எது என்பவற்றைப் படம் பார்த்து ஊகிக்கலாம். ஆயக்கட்டு உழவரும் நீர்பாய்ச்சியும் சொல்லியே உறுதி செய்ய முடியும்.

9. முடிவுரை

வான்படம் மறைபொருளாக இருந்த காலத்தில் ஆய்வாளரின் இடர் படம் கிடையாமை. இன்றைய இடர் படம் எளிதிற் கிடைப்பதும் அதன் நாள் மறைந்திருப்பதும் ஆகும். இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் போன்ற மழைமறைவு நிலத்தில் மேகமற்ற படம் கோடையின் பக்கம் சாய்கிறது. ஆதலின் இணைய வரைபடத்தில் நீர்நிலையைச் சேர்ப்போர் படத்தின் மூலத்தையும் நாளையும் குறித்தல், சனவரிப் படத்தோடு ஒப்பிடுதல், வற்றிய கண்மாயைப் புதரென நீக்காது பருவகால நீர்நிலையெனக் குறித்தல், ஊர் வழங்கும் பெயரைத் தமிழிலேயே இடுதல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. ஆய்வேடுகளில் இணைய வரைபடத்தை மேற்கோள் காட்டுவோரும் பார்த்த நாளோடு படம் எடுத்த நாளையும் தருதல் வேண்டும். கல்வெட்டின் காலம் அறியாமல் அதன் செய்தியை ஏற்பதில்லை என்னும் பழைய ஒழுங்கைச் செயற்கைக்கோள் படத்துக்கும் நீட்டினால், ஏப்ரலில் வறண்டு கிடக்கும் கண்மாய் வரைபடத்தில் கண்மாயாகவே நிலைக்கும்.